எந்த "அசைய முடியல"?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னிக்கு ஒரே ஒரு வாக்கியத்தைப் பத்தித்தான் பேசப் போறேன். தமிழ்ல பேசிக்கிட்டே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுற எந்த டேபிள்லயும் ஒரு ராத்திரிக்கு நாலு தடவையாவது காதுல விழுற வாக்கியம் அது: "உன்னால அசைய முடியல."

டிஎம் இதைச் சொன்ன உடனே எல்லாரும் "அய்யய்யோ"ன்னு கத்துவாங்க. ஆனா கேட்க வேண்டிய கேள்வி வேற. "எந்த அசைய முடியல?"

ஏன்னா 2014-ல வந்த ஐந்தாம் பதிப்பு பிளேயர்ஸ் ஹேண்ட்புக்ல மொத்தம் 15 கண்டிஷன்கள் இருக்கு. அதுல ஏழெட்டு, நம்ம வாயில "அசைய முடியல"ங்கிற ஒரே வார்த்தையா உருகிடுது. மந்திரவாதி கையை ஆட்டினாலும் அசைய முடியல, சிலந்தி வலையில சிக்கினாலும் அசைய முடியல, தலையில அடி விழுந்தாலும் அசைய முடியல. கதையா கேட்க நல்லா இருக்கு. ஆனா விதிப்படி ஒவ்வொண்ணும் வேற நோய், வேற மருந்து. எது எதுன்னு தெரியாத டேபிள்ல, சாக வேண்டாத கேரக்டர் சாகும்.

அடித்தட்டு

டிபன் கேரியர் மாதிரி நினைச்சுக்கோங்க. அடித்தட்டுல இருக்கிறது இன்கபாசிடேட்டட். மத்த பெரிய கண்டிஷன்கள் நாலும், அதாவது ஸ்டன்ட், பாரலைஸ்ட், அன்கான்ஷியஸ், பெட்ரிஃபைட், இந்த அடித்தட்டு மேல அடுக்கினதுதான். அந்த நாலோட விளக்கத்துலயும் "இன்கபாசிடேட்டட்"ங்கிற வார்த்தை இருக்கும், அதுக்கு மேல ஒவ்வொரு தட்டா ஏறும்.

சரி, அடித்தட்டுல என்ன இருக்கு? 2014 புத்தகத்துல ஒரே ஒரு வரிதான்: ஆக்‌ஷன் எடுக்க முடியாது, ரியாக்‌ஷன் எடுக்க முடியாது. அவ்வளவுதான். நல்லா கவனிங்க, நடக்க முடியாதுன்னு அங்க எழுதவே இல்லை. பேச முடியாதுன்னும் இல்லை. இன்கபாசிடேட்டட் ஆன ஆள் வாளை வீச முடியாது, ஆனா எழுந்து கதவைத் தாண்டி ஓடிப் போகலாம்.

இது எழுத்துப்பிழை இல்லை. ஹிப்னாட்டிக் பேட்டர்ன் மந்திரத்தை எடுத்துப் பாருங்க. அதுல மாட்டினவர் சார்ம்ட் ஆகிறார், அது நீடிக்கிற வரைக்கும் இன்கபாசிடேட்டட், கூடவே வேகம் பூஜ்யம். வேகம் பூஜ்யம்னு தனியா ஏன் எழுதணும்? அடித்தட்டுல அது இல்லைங்கிறதாலதான்.

இன்னொரு விஷயம் அந்த வரியில இல்லை, மந்திரங்களைப் பத்தின அத்தியாயத்துல இருக்கு. இன்கபாசிடேட்டட் ஆனா கான்சன்ட்ரேஷன் உடையும். எதிரி மந்திரவாதி ஒரு மந்திரத்தை மனசுல பிடிச்சு வெச்சிருந்தா, அவரை இந்த அடித்தட்டு வரைக்கும் கொண்டு வந்தாலே போதும், மந்திரம் கலைஞ்சிடும். ஒரு புள்ளி டேமேஜ்கூடத் தேவையில்லை.

ஸ்டன்ட், பாரலைஸ்ட்: பேயறைஞ்சதும் மரத்துப் போனதும்

டேபிள்ல அதிகமா குழம்புறது இந்த ரெண்டும்தான்.

ஸ்டன்ட்னா நம்ம ஊர்ல சொல்ற பேயறைஞ்ச நிலை. அசைய முடியாது, ஆனா தட்டுத்தடுமாறிப் பேச முடியும். ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி சேவிங் த்ரோ ரெண்டும் தானாவே தோத்துடும். உங்களை அடிக்கிறவருக்கு அட்வான்டேஜ், அதாவது ரெண்டு பகடை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கலாம்.

பாரலைஸ்ட்னா கை, கால், நாக்கு எல்லாம் மரத்துப் போன நிலை. மேல சொன்ன எல்லாம் உண்டு. பேச்சு சுத்தமா கிடையாது. அதோட கடைசியா ஒரு வரி: 5 அடிக்குள்ள நின்னு அடிக்கிறவரோட அடி பட்டாலே அது கிரிட்டிக்கல்.

அந்த ஒரு வரியோட விலை என்னன்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்தாம் லெவல் ரோக் ஒருத்தர். கையில ரேப்பியர், டெக்ஸ்டெரிட்டி கூடுதல் 4, ஸ்னீக் அட்டாக் 3 ஆறுமுகப் பகடை. அடி பட்டா சராசரி 19. கிரிட்டிக்கல்ல பகடைகள் இரட்டிப்பாகும், சராசரி 34. சாதாரணமா 11 அல்லது அதுக்கு மேல விழுந்தா அடி படும்னு வெச்சுக்குங்க. அட்வான்டேஜ் இருந்தா அந்த 50 சதவீதம் 75 ஆகும்.

எதிரி ஸ்டன்ட்னா ஒரு வீச்சுக்குச் சராசரியா 16-க்குக் கொஞ்சம் கீழ. பாரலைஸ்ட்னா 25-க்கு மேல. அதே ரோக், அதே கத்தி, அதே பகடை. வித்தியாசம் ஒரு வார்த்தை.

இது ரெண்டு பக்கமும் வெட்டும். கூல் கூட்டத்துல மாட்டினீங்கன்னா அதோட நகம் கீறினாலே பாரலைஸ்ட் ஆக வாய்ப்பு உண்டு, எல்ஃபா இருந்தா மட்டும் தப்பிக்கலாம். அப்போ அந்த 34 உங்க பக்கம் திரும்பும். "ரெண்டும் ஒண்ணுதானே, அசைய முடியாது, அவ்வளவுதானே"ன்னு டிஎம் பொத்தாம்பொதுவா ஓட்டினா, ஒரு பக்கம் மாங்கின் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் அளவுக்கு மீறி வலுவாகும். இல்லைன்னா இன்னொரு பக்கம் ஹோல்ட் பர்சன் போட்ட கிளெரிக்கோட ஸ்லாட் வீணாப் போகும்.

மருந்தும் வேற. லெஸ்ஸர் ரெஸ்டொரேஷன் மூன்றாம் லெவல் கிளெரிக்குக்கே கிடைக்கிற மந்திரம். அது எதையெல்லாம் நீக்கும்? கண் தெரியாமை, காது கேளாமை, பாரலைஸ்ட், பாய்சன்ட், இல்லைன்னா ஒரு நோய். அந்தப் பட்டியல்ல ஸ்டன்ட் இல்லை. ஃப்ரீடம் ஆஃப் மூவ்மென்ட் போட்டிருந்தா மந்திரத்தால உங்களை பாரலைஸ் பண்ண முடியாது, ரெஸ்ட்ரெய்ன் பண்ணவும் முடியாது. ஸ்டன்ட் பண்ணலாம். பார்க்கப் பெரிய நோய் பாரலைஸ்ட்தான், ஆனா கடையில மருந்து இருக்கிறது அதுக்குத்தான். சின்ன நோய்க்குக் காத்திருக்கிறதைத் தவிர அநேகமா வழியில்லை.

மயக்கமும் கல்லும்

அன்கான்ஷியஸ் பாரலைஸ்ட்டுக்கு அடுத்த தட்டு. சுத்தி நடக்கிறது எதுவும் தெரியாது, கையில இருக்கிறது கீழ விழும், ஆளும் விழுவார். இந்த "ஆளும் விழுவார்"லதான் ஒரு வேடிக்கை இருக்கு. விழுந்து கிடக்கிறது புரோன். புரோன் ஆன ஆளை 5 அடிக்கு அப்பால இருந்து அடிச்சா டிஸ்அட்வான்டேஜ். மயங்கின ஆளை அடிச்சா அட்வான்டேஜ். ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சிக்கிட்டு, கடைசியில சாதாரணமா ஒரே பகடை.

அதனால 30 அடி தள்ளி நிக்கிற வில்லாளிக்குத் தூங்குற எதிரியைவிட, நின்னபடியே பாரலைஸ் ஆன எதிரிதான் நல்ல குறி. கேட்கத் தலைகீழா இருக்கும், ஆனா யோசிச்சா சரிதான். நிக்கிற சிலை மேல அம்பு விடறதும், தரையோட தரையா கிடக்கிறவர் மேல விடறதும் ஒண்ணா?

பக்கத்துல நிக்கிறவருக்கு இந்தச் சலுகை இல்லை. இதுதான் ரொம்ப முக்கியம். ஹிட் பாயிண்ட் பூஜ்யமாகி விழுந்த உங்க கேரக்டரும் அன்கான்ஷியஸ்தான். 5 அடிக்குள்ள நிக்கிற எதிரியோட அடி பட்டா அது கிரிட்டிக்கல், கிரிட்டிக்கல்னா டெத் சேவ் ஒண்ணு இல்லை, ரெண்டு தோத்ததா கணக்கு. மூணு தோத்தா மரணம். ஏற்கெனவே ஒண்ணு தோத்திருந்தா அந்த ஒரே அடியோட கதை முடிஞ்சது. "அவன் இன்னும் ரெண்டு ரவுண்ட் தாங்குவான்"னு நினைச்சுக்கிட்டு கிளெரிக் வேற வேலையைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடி, விழுந்தவர் பக்கத்துல யார் நிக்கிறாங்கன்னு பாருங்க.

அகலிகை கதை கேட்டு வளர்ந்த நமக்கு பெட்ரிஃபைட்னா என்னன்னு விளக்க வேண்டாம். கல். எடை பத்து மடங்கு, வயசு ஏறாது. ஆனா இந்தக் கல்லு சாபமும் கவசமும் சேர்ந்தது. எல்லா டேமேஜும் பாதியாகும். விஷமும் நோயும் புதுசா தாக்காது, உடம்புல ஏற்கெனவே இருந்தா அப்படியே நின்னுடும். நீங்காது, நிக்கும். கல் கரைஞ்ச அன்னைக்கு விஷம் விட்ட இடத்துல இருந்து தொடரும். கிட்ட நின்னு அடிச்சா கிரிட்டிக்கல்ங்கிற வரியும் இதுல இல்லை. கல்லுல கழுத்து எது, நெஞ்சு எது? அதை நீக்க லெஸ்ஸர் போதாது, கிரேட்டர் ரெஸ்டொரேஷன் வேணும்.

பிடியும் கட்டும்

இன்னொரு இரட்டையர்: க்ராப்பிள்ட், ரெஸ்ட்ரெய்ன்ட். ரெண்டுலயும் வேகம் பூஜ்யம். ஆனா க்ராப்பிள்ட்னா யாரோ உங்க சட்டையைப் பிடிச்சிருக்காங்க, அவ்வளவுதான். உங்க கை சும்மாதான் இருக்கு, பழையபடி வீசலாம், மந்திரம் போடலாம். ரெஸ்ட்ரெய்ன்ட்னா உடம்பைச் சேர்த்துக் கட்டின நிலை. நீங்க அடிச்சா டிஸ்அட்வான்டேஜ், உங்களை அடிச்சா அட்வான்டேஜ், டெக்ஸ்டெரிட்டி சேவுக்கும் டிஸ்அட்வான்டேஜ்.

பிடியில இருக்கிறவர் எப்படித் தப்பிக்கலாம்னு விதி ரெண்டு கதவைத் திறந்து வெச்சிருக்கு. பிடிச்சவர் இன்கபாசிடேட்டட் ஆனா பிடி விடும். பிடிபட்டவரைப் பிடிச்சவரோட எட்டுக்கு வெளியே நகர்த்தினாலும் விடும்.

இந்த ரெண்டாவது கதவு எங்க டேபிள்ல ஒரு உயிரைக் காப்பாத்துச்சு. கதையைக் கேளுங்க. நான் டிஎம். எதிரி மைண்ட் ஃபிளேயர், மூளை தின்னும் ஜென்மம். நாலு வருஷமா ஒரே ஃபைட்டரை ஆடுற தோழி அதோட டென்டக்கிள்ல மாட்டினாங்க. ஐந்தாம் பதிப்புல அந்தத் தாக்குதல் என்ன செய்யும்? முதல்ல க்ராப்பிள். கூடவே இன்டெலிஜென்ஸ் சேவ் தோத்தா, அந்தப் பிடி இருக்கிற வரைக்கும் ஸ்டன்ட். தோத்தாங்க. கையில 41 ஹிட் பாயிண்ட்.

மைண்ட் ஃபிளேயருக்கு அடுத்த டர்ன்ல எக்ஸ்ட்ராக்ட் பிரெயின். அதுக்குத் தேவை ரெண்டு: ஆள் பிடியில இருக்கணும், இன்கபாசிடேட்டட் ஆகியிருக்கணும். ஸ்டன்ட்டோட அடித்தட்டு என்ன? இன்கபாசிடேட்டட். ரெண்டும் பொருந்திடுச்சு. பத்து பத்துமுகப் பகடை, சராசரி 55. அதுல பூஜ்யத்துக்குப் போனா டெத் சேவ் கிடையாது, மூளை போச்சு. ரெவிவிஃபை போட்டாலும் இழந்த உறுப்பை அது திருப்பித் தராது. நாலு வருஷக் கேரக்டர்.

கிளெரிக் ஆடுறவர் லெஸ்ஸர் ரெஸ்டொரேஷன் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துட்டு மெதுவா மூடி வெச்சார். ஸ்டன்ட் அதுல இல்லையே. டேபிள் அமைதியாயிடுச்சு. அப்போ பார்பேரியன் ஆடுற பையன், எங்களோட அது அவனுக்கு மூணாவது செஷன், தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அண்ணா, பிடி போனா ஸ்டன்ட்டும் போயிடுமா?"

"போயிடும்."

"அப்போ நான் அக்காவைத் தள்ளி விடலாமா? எதிரியை இல்லை, அக்காவை."

ஷவ். ஒரு அட்டாக்குக்குப் பதிலா யாரையாவது 5 அடி தள்ளலாம். வழக்கமா ரெண்டு பேரும் பகடை உருட்டணும். ஆனா ஹேண்ட்புக்கோட பிந்தைய அச்சுகள்ல சேர்த்த ஒரு வரி சொல்லுது, தள்ளப்படுறவர் இன்கபாசிடேட்டட்னா அது தானாவே ஜெயிக்கும். எந்த அடித்தட்டு அக்காவோட தலையைத் திறக்க வழி விட்டுச்சோ, அதே அடித்தட்டு அக்காவைக் காப்பாத்தவும் வழி விட்டுச்சு. தள்ளினான். 5 அடி. டென்டக்கிளோட எட்டு தாண்டியாச்சு, பிடி போச்சு, ஸ்டன்ட் போச்சு. ஒரு பகடைகூட உருளல, ஆனா டேபிள்ல எழுந்த சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் மேல வந்து கதவைத் தட்டினார்.

இங்க ஒண்ணு சொல்லியாகணும். அதே மைண்ட் ஃபிளேயரோட மைண்ட் பிளாஸ்ட்ல ஸ்டன்ட் ஆகியிருந்தா இந்த வழி உதவியிருக்காது. அது பிடியோட கட்டினது இல்லை, ஒரு நிமிஷம் நீடிக்கும், ஒவ்வொரு டர்ன் முடிவுலயும் சேவ் உருட்டிப் பார்க்கணும். கண்டிஷன் பேர் ஒண்ணா இருந்தாலும், அது எதுல தொங்குதுன்னு பார்க்கணும்.

2024-ல் என்ன மாறிச்சு

2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் வெச்சு ஆடுறவங்க இதுவரைக்கும் சொன்னதுல சிலதைத் திருத்திக்கணும். அதுல அடித்தட்டு கனமாயிடுச்சு. இன்கபாசிடேட்டட் ஆனா பேச்சும் கிடையாது, கான்சன்ட்ரேஷன் உடையும்ங்கிறது அங்கேயே எழுதியிருக்கு, போனஸ் ஆக்‌ஷனும் கிடையாதுன்னு தெளிவா இருக்கு. ஆனா ஸ்டன்ட்ல இருந்த "அசைய முடியாது" காணாமப் போச்சு. பாரலைஸ்ட்டுக்கு வேகம் பூஜ்யம்னு இருக்கு, ஸ்டன்ட்டுக்கு இல்லை. 2014-ல ஸ்டன்ட் ஆனவர் நின்ன இடத்துலயே திக்கித்திக்கிப் பேசுவார். 2024-ல வாயைத் திறக்காம தள்ளாடித் தள்ளாடி நடந்து போவார். ரெண்டு புத்தகமும் ஒரே டேபிள்ல இருந்தா, ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே எதுன்னு முடிவு பண்ணிடுங்க.

பாத்ஃபைண்டர் ஆடுறவங்களுக்கு

2019-ல பைசோ வெளியிட்ட பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்புல இதே சிக்கல் வேற ரூபத்துல வரும். அங்க கண்டிஷனுக்குப் பக்கத்துல எண் இருக்கும். ஒரு டர்னுக்கு மூணு ஆக்‌ஷன்.

ஸ்லோட் 1-ன்னா, அது இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு டர்ன்லயும் ஒரு ஆக்‌ஷன் குறையும். ஸ்டன்ட் 1-ன்னா, மொத்தமா ஒரே ஒரு ஆக்‌ஷன் போகும், அதோட தீர்ந்தது. ஸ்லோட் மாச வாடகை, ஸ்டன்ட் கைமாத்து. ஸ்டன்ட் 4-ன்னா இந்த டர்ன்ல மூணு, அடுத்த டர்ன்ல ஒண்ணு, கடன் அடைஞ்சது.

அப்புறம் ஃப்ரைட்டன்ட், சிக்கன்ட். ரெண்டும் எல்லா செக்லயும் டிசிலயும் அந்த எண்ணைக் கழிக்கும், ஆர்மர் கிளாஸையும் சேர்த்து. ஃப்ரைட்டன்ட் வழக்கமா ஒவ்வொரு டர்ன் முடிவுலயும் தானாவே ஒண்ணு குறையும். பயம் தெளியும், பொறுத்தா போதும். சிக்கன்ட் தானா குறையாது. ஒரு ஆக்‌ஷன் செலவழிச்சு வாந்தியெடுக்க முயற்சி பண்ணணும், ஃபார்ட்டிட்யூட் சேவ் ஜெயிச்சாதான் குறையும். அதைவிட மோசம், சிக்கன்ட் ஆனவர் விரும்பி எதையும் விழுங்க முடியாது. பையில நாலு ஹீலிங் போஷன் இருந்தும் குடிக்க முடியாது. குமட்டல்ல இருக்கிறவர்கிட்ட டம்ளரை நீட்டிப் பாருங்க, விதி ஏன் அப்படின்னு புரியும்.

இதெல்லாம் ஏன்?

"ஜாலியா ஆடத்தானே வந்தோம், சட்டப் புத்தகம் படிக்கவா?"ன்னு கேட்கிறவங்க இருக்காங்க. அவங்களுக்கு ஒரு கணக்கு. அஞ்சு பிளேயர், ஒரு டிஎம், ஆளுக்கு நாலு நிமிஷம். ஒரு ரவுண்ட் 24 நிமிஷம். மைண்ட் பிளாஸ்ட்ல மாட்டின, இன்டெலிஜென்ஸ் 8 உள்ள ஃபைட்டருக்கு ஒவ்வொரு டர்னும் தப்பிக்க 25 சதவீதம் வாய்ப்பு. மூணு தடவை உருட்டியும் தப்பிக்காம இருக்க வாய்ப்பு 42 சதவீதம். அதாவது மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை லீவு கிடைச்சு, ரெண்டு பஸ் மாறி வந்த ஒருத்தர், ஒரு மணி நேரத்துக்கு மேல பகடையை மட்டும் உருட்டிட்டு போனை நோண்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு நாம தர வேண்டிய குறைந்தபட்ச மரியாதை, அவருக்கு மிச்சம் இருக்கிறது என்னன்னு சரியா சொல்றது. 2014 ஸ்டன்ட்னா பேசலாம். அப்போ பேச விடுங்க. "ஓடு... பின்னாடி..."ன்னு அரை வார்த்தை சொல்றதுக்கு அவருக்கு உரிமை இருக்கு. நண்பனோட டர்னை அந்த அரை வார்த்தை மாத்தலாம். எல்லாத்தையும் "அசைய முடியல"ன்னு ஒரே மூட்டையா கட்டினா, விதி அவருக்கு விட்டு வெச்ச அந்தச் சின்ன ஜன்னலையும் நாமளே சாத்துறோம்.

அதனால நான் என் டேபிள்ல செய்யறது இதுதான். ஒவ்வொரு கண்டிஷனுக்கும் ஒரு சின்ன அட்டை, தமிழ்ல. யாருக்கு எது வந்தாலும் அந்த அட்டை அவங்க முன்னாடி போகும். அட்டையில நாலு கேள்விக்குப் பதில் இருக்கும்: நடக்கலாமா, பேசலாமா, கிட்ட இருந்து அடிச்சா என்ன ஆகும், எது இதை நீக்கும். டர்ன் இல்லாதவர் அதைப் படிச்சுக்கிட்டு இருப்பார். சில சமயம் பக்கத்துல இருக்கிறவரும் எட்டிப் பார்ப்பார். வழி பெரும்பாலும் அப்படித்தான் பிறக்குது.

உங்க டேபிள்ல எந்த ரெண்டு கண்டிஷன் அதிகமா குழம்புதுன்னு எழுதி அனுப்புங்க. இன்விசிபிளும் ஒளிஞ்சிருக்கிறதும் ஒண்ணுதானான்னு பல பேர் கேட்டிருக்காங்க. அது தனியா ஒரு எபிசோட் தாங்கும், அடுத்த தடவை பேசுவோம். பகடை நல்லபடியா விழட்டும்.